ஜன்னலோரத்து ஏழு பாட்டில்கள்

மண் அணையில் காவல் வேலை என்றால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பாதி வேலை புல் வெட்டுவதுதான். சரிவில் புல் குட்டையாக இருக்க வேண்டும். வளர விட்டால் எலி வளை தெரியாது, விரிசல் தெரியாது, ஈரம் தெரியாது. என் அணையில் புல் கணுக்காலைத் தாண்டியதில்லை. உடைந்த பிறகு எடுத்த படங்களைக் காட்டினீர்களே, மிச்சம் நிற்கிற கரையைப் பாருங்கள். சீவி விட்ட தலை மாதிரி இருக்கும்.

அணை என்றாலும் பெரியது இல்லை சார். நாற்பதடி உயரம், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தால் அறுநூறு தப்படி. என் தாத்தாவின் காலத்தில் கூடையில் மண் சுமந்து கட்டியது. உள்ளே கல்லும் கிடையாது, கம்பியும் கிடையாது. கொட்டி, மிதித்து, கெட்டியாக்கிய மண், அவ்வளவுதான். ஒரு பக்கம் மேட்டில் காவலர் வீடு. அதில்தான் நானும் என் மனைவியும் மகளும் இருந்தோம். அடியில், நேர் எதிரே, கீழ்த்தெரு. எழுபது வீடு.

மண் அணை கொஞ்சம் கசியும். கசியத்தான் வேண்டும். கசிகிற தண்ணீரை அடிவாரத்தில் ஒரு வாய்க்காலில் சேர்த்து, ஒரு சிமெண்டுத் தொட்டி வழியாக வெளியே விட்டிருப்பார்கள். அந்தத் தண்ணீர் தெளிவாக வந்தால் அணை வியர்க்கிறது என்று அர்த்தம். கலங்கி வந்தால் கரைகிறது என்று அர்த்தம். உள்ளே எங்கேயோ தண்ணீர் ஒரு வழி கண்டுபிடித்து, போகிற போக்கில் மண்ணையும் தூக்கிக்கொண்டு வருகிறது. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். இது வெறும் மண்.

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இயந்திரம் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு வாளி, ஏழு கண்ணாடி பாட்டில். தினமும் காலை ஏழு மணிக்கு எண்பத்திரண்டு படி இறங்கி, தொட்டியின் வாயில் வாளியில் தண்ணீர் பிடித்து, ஒரு பாட்டிலை நிரப்பி, தேதிச் சீட்டு ஒட்டி, மேலே ஆபீஸ் அறையின் ஜன்னலில் வைக்க வேண்டும். மறுநாள் அதன் அடியைப் பார்க்க வேண்டும். மண் தங்கியிருந்தால் மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கி, சைரனைச் சுற்றி, ஆபீசுக்கு போன் பண்ண வேண்டும். இதையெல்லாம் எழுதிச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. எட்டாம் நாள் முதல் பாட்டிலைக் கழுவி மறுபடி தொடங்க வேண்டும். மாதம் ஒருமுறை இன்ஜினியர் வந்து ஏழு பாட்டிலையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

இன்ஜினியர் என் மைத்துனன். மனைவியின் தம்பி. ஒரே கல்லூரியில் டிப்ளமோ படித்தோம், எனக்கு ஒரு வருஷம் பின்னால் அவன். இரண்டாம் வருஷத்தில் அப்பா படுக்கையில் விழுந்ததும் நான் படிப்பை விட்டுவிட்டு மில்லில் இரவு ஷிப்டுக்குப் போனேன். என் நோட்டுகளை வைத்துத்தான் அவன் தேறினான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நானே கொடுத்தது. பிறகு இந்தக் காவல் வேலை கிடைத்தது, அவன் வீட்டிலேயே பெண் எடுத்தேன். அவன் வாய் நிறைய மாமா என்று கூப்பிடுவான். எனக்கு அது பிடிக்கும். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாதவன் நான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பாட்டிலின் அடியில் நகத்தின் கனத்துக்கு மண் நின்றது. நான் சுவரில் எழுதியிருந்ததை எழுதியபடி செய்தேன். மதகைத் திறந்தேன், சைரனைச் சுற்றினேன், போன் பண்ணினேன். கீழ்த்தெரு முழுக்கப் பாயும் சட்டியுமாக மேட்டில் ஏறி நின்றது. மூன்று நாளில் ஏரி பாதியாக வடிந்தது. அந்தப் போகம் நடவு இல்லை.

நான்காம் நாள் மூன்று அதிகாரிகள் விசாரிக்க வந்தார்கள். அதற்குள் கசிவு தெளிந்துவிட்டது. நீர்மட்டம் இறங்கினால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் கசிவு தெளியும். இது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கண்ணுக்குச் சாட்சி வேண்டும் இல்லையா. சாட்சி அந்த ஒரு பாட்டில்தான்.

அதிகாரிகளுக்கு அரை மணி நேரம் முன்னால் மைத்துனன் வந்தான். அப்போது அவன் இந்த அணைப் பொறுப்புக்கு வந்து நான்கு மாதம்தான். "மாமா, கீழ வாய்க்கால்ல குப்பை கிடக்கு, அவங்க வர்றதுக்குள்ள ஒரு நடை பார்த்துட்டு வந்துடுங்க" என்றான். போய்விட்டு வந்தேன். பாட்டில் இருந்த இடத்தில் இருந்தது. தேதியும் அதே தேதி. உள்ளே தண்ணீர் பளிங்கு. சீட்டு மட்டும் ஈரமாக இருந்தது.

நான் அவனைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"போன மாசம்தான் மாமா அணை நல்லாருக்குனு எழுதிக் கொடுத்தேன். இப்ப போய் கரையுதுன்னா நான் எங்க போய் நிக்கறது? உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது, அதுக்கு நான் பொறுப்பு. வாளியில மண்ணு ஒட்டியிருந்திருக்கும்னு மட்டும் சொல்லிடுங்க."

என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். "சொல்லிடுங்களேன். அவன் நம்ம பிள்ளை மாதிரி" என்றாள்.

சொன்னேன். வாளியைச் சரியாகக் கழுவவில்லை என்று மூன்று பேர் முன்னால் சொன்னேன். அதிகாரிகளில் வயதானவர் சிரித்தார். "ஒரு வாளிக்காக ஒரு போகமே போச்சேய்யா" என்றார். வெளியே நின்றிருந்த கீழ்த்தெருக்காரர்கள் காதில் அது விழுந்தது. என் பெயரை அவர்கள் அத்தோடு மறந்துவிட்டார்கள். அன்றையிலிருந்து நான் வாளி.

கோபப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். ஊருக்கு ஒருவன் வேண்டும், அது நானாக இருந்தேன். டீக்கடைக்குப் போனால், "வாளி வந்தாச்சு, டம்ளரை நல்லாக் கழுவிக் கொடுப்பா" என்பார்கள். முடி வெட்டுகிறவர் என் தலையில் தண்ணீர் தெளிக்கும்போது, "தெளிவாத்தான் இருக்கு, சைரன் எதுவும் வேணாம்" என்பார். என் மாமியாரும் கீழ்த்தெருதான். நல்ல மனுஷி. ஒரு நாள் நாலு பேர் நடுவில், "மாப்பிள்ளை, எங்க வீட்டுக் குடத்தையும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் அதே தெருவில் டெய்லர் அக்காவிடம் தையல் கற்றுக்கொள்ளப் போனாள். அவளை அங்கே வாளி பொண்ணு என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வீட்டில் சொல்லவில்லை. அவளுடைய அளவு நாடாவின் பின்பக்கம் யாரோ மையால் சின்னதாக ஒரு வாளி வரைந்திருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மைத்துனன் மாதாமாதம் வந்தான். கேலியை அவனும் கேட்டிருப்பான். தெருவில் இறங்கி, அவர் சொன்னது நிஜம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எனக்கு ஒரு நல்ல டார்ச் லைட் வாங்கி வந்தான். அடுத்த முறை ஒரு ஸ்வெட்டர்.

மண் சில சமயம் தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். ஐந்தரை வருஷம் தண்ணீர் தெளிவாகவே வந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை, பாட்டிலின் அடியில் முடி கனத்துக்கு ஒரு கோடு.

போன் மேஜையில்தான் இருந்தது. எடுத்து என்ன சொல்வது என்று யோசித்தேன். மண் வருது என்றால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். எனவே வாளியைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். வெயிலில் காயவைத்தேன். மறுபடி இறங்கிப் பிடித்து வந்தேன். மறுநாள் அதே கோடு. அன்றைக்கு நான் முடிவு எதுவும் எடுக்கவில்லை. பாட்டிலை மட்டும் கழுவினேன்.

செய்த முறையைக் கேட்டீர்கள். சொல்கிறேன். காலையில் பிடித்த தண்ணீரை வாளியிலேயே வைத்து, படிகாரக் கல்லை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். முகம் மழித்த பிறகு தேய்க்கிற அதே கல்தான். ஒரு மணி நேரத்தில் மண்ணெல்லாம் அடியில் உட்கார்ந்துவிடும். மேலாக இருப்பதைக் கலங்காமல் முகந்து, பழைய சட்டைத் துணியை நாலாக மடித்து வடிகட்டி, பாட்டிலில் ஊற்ற வேண்டும். அதே வாய்க்கால் தண்ணீர்தான். வேறு தண்ணீர் ஊற்றியதில்லை. மைத்துனன் அன்றைக்கு ஊற்றியது குடிதண்ணீர். அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கசிவின் அளவையும் நான் மாற்றவில்லை. தொட்டியின் வாயில் ஒரு பலகை உண்டு. அதில் உள்ள வெட்டு வழியாகத் தண்ணீர் எத்தனை விரல் உயரம் போகிறது என்று தினமும் எழுதுவோம். மூன்று விரல் இருந்தது நாலானது, ஐந்தானது. ஐந்து என்றுதான் எழுதினேன். மைத்துனன் அதன் கீழே கையெழுத்துப் போட்டான். நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கு மாமா" என்பான். எண்பத்திரண்டு படி இறங்கினால் தொட்டியைப் பார்த்திருக்கலாம். அவன் ஷூ போட்டிருப்பான்.

தொட்டியில் மண் சேர்ந்துகொண்டே வந்தது. முதலில் வாரத்துக்கு ஒரு சட்டி. பிறகு நாளுக்கு ஒரு சட்டி. கடைசி மாதம் மண்வெட்டி வேண்டியிருந்தது. வீணாக்குவானேன் என்று வீட்டின் பின்னால் கொண்டுவந்து கொட்டினேன். மனைவி அதில் தக்காளி போட்டாள்.

"எங்கேர்ந்துங்க இந்த மண்ணு? வெண்ணெய் மாதிரி இருக்கே" என்றாள்.

"கீழ சேருது."

செடி மார்பு உயரம் வளர்ந்தது. காய்த்ததில் பாதியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினாள். மைத்துனனும் ஒரு பை எடுத்துப் போனான். அந்தப் பாத்தி எவ்வளவு பெரிதானதோ அவ்வளவு பெரிய குழி அணைக்குள்ளே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பாத்தியைச் சுற்றி நடந்து அளந்தும் பார்த்தேன். டிப்ளமோ முடிக்காதவன் என்றாலும் கணக்கு எனக்கு நன்றாக வரும்.

போன மாதம் கடைசியில் அவன் வந்தபோது அளவு ஏழு விரல். அன்றைக்கு அவன் உடனே கையெழுத்துப் போடவில்லை. பாட்டில்களை இரண்டு முறை பார்த்தான். ஏடுகளைப் பின்னால் புரட்டினான். வெளியே போய்க் கரைமேல் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்காராமல் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"மாமா, அன்னிக்கு நான் பண்ணினது தப்பு" என்றான். "ஆறு வருஷமா உங்க மூஞ்சியைப் பார்க்கவே கூசுது. தெருவில உங்களை அப்படிக் கூப்பிடறப்பல்லாம் எனக்கு விழுது மாமா அடி. இந்த அளவு எனக்குச் சரியாப் படலை. ஆனா தண்ணி தெளிவா இருக்கு. உங்களைவிட இந்த அணை தெரிஞ்சவங்க யாரும் இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே மதகைத் திறக்கறேன். யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். என் வேலை போனாலும் போகட்டும்."

அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. எனக்கு ஆளைத் தெரியும்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். ஆறு வருஷம் நான் காத்திருந்தது இந்த வார்த்தைகளுக்குத்தான். வந்ததும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு இலையில் சோறு போடுகிற மாதிரி இருந்தது. இன்னொன்றும் நினைத்தேன். இப்போது அவன் மதகைத் திறந்தால், அணையைக் காப்பாற்றியவன் அவன்.

"மழைத் தண்ணி சேர்ந்திருக்கும் மச்சான்" என்றேன். "அணை நல்லாத்தான் இருக்கு."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கையெழுத்துப் போட்டான்.

நாலு நாள் கழித்துக் கரைமேல் ஒரு இடம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அமுங்கியது. மறுநாள் அது அண்டா அளவு. அதற்குமேல் நாட்கணக்கு இல்லை, மணிக்கணக்கு என்று தெரிந்தது. மகளைத் தையலுக்குப் போக வேண்டாம் என்றேன். ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வேண்டும் என்று சொன்னேன். புதன்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனேன்.

"பொண்ணு வீட்டுல வந்து ரெண்டு நாள் இருங்களேன் அத்தை" என்றேன்.

"இப்ப எதுக்கு மாப்பிள்ளை? என் முட்டி அந்த மேட்டை ஏறாது. நீங்கதான் கீழ வரணும், நான் மேல வரக்கூடாது."

நான் கூப்பிட்டேன், அவர் வரவில்லை. இதை என் மனைவியிடம் சொல்ல வேண்டும். அவள் என்னைப் பார்க்க வந்தால் சொல்வேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு இறங்கினேன். வாய்க்கால் காபி நிறத்தில் ஓடியது. பலகை தெரியவில்லை. அன்றைக்கும் பாட்டிலை நிரப்பினேன். படிகாரம் சுற்றினேன். தெளிய நேரம் எடுத்தது.

பத்து மணிக்கு டெய்லர் அக்கா போன் பண்ணினாள். பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தமும் பெண் பிள்ளைகள் பேசுகிற சத்தமும் கேட்டன.

"அண்ணே, எங்க பின்னாடி ஓடற வாய்க்கால் ஒரே செம்மண்ணா வருதே, ஏதாவது பிரச்சினையா? உங்க பொண்ணையும் ரெண்டு நாளா காணோம். உடம்பு சரியில்லையா?"

ஆறு வருஷத்தில் கீழ்த்தெருவிலிருந்து என்னை யாரும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. அதைக் கவனித்தேன்.

"வாளியில மண்ணு ஒட்டியிருக்கும், நல்லாக் கழுவிட்டுப் பாருங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தாள். "சரிண்ணே" என்று வைத்துவிட்டாள்.

பத்து நாற்பதுக்கு உடைந்தது. இடையில் நாற்பது நிமிஷம். சைரன் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. மாதாமாதம் அதற்கு எண்ணெய் போடுவது நான்தான். ஒரு விரலால் சுற்றினாலும் சுற்றும். மகள் ஜன்னலுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு கரையைப் பார்த்திருந்தது. நான் பதிவேட்டில் அன்றைய வரியை எழுதினேன். அளவு: பலகைக்கு மேல். தண்ணீர்: தெளிவு.

பதினாலு பேர். டெய்லர் அக்கா, அவளிடம் தைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள், முடி வெட்டுகிறவர், என் மாமியார். மற்றவர்களின் பெயரும் எனக்குத் தெரியும். அவர்களுக்குத்தான் என் பெயர் தெரியாது.

மைத்துனன் சாயங்காலம் வந்து சேர்ந்தான். அம்மாவைத் தேடிச் சேற்றில் இடுப்பளவு இறங்கி நின்றவன், என்னைப் பார்த்ததும் ஏறி வந்து கட்டிப்பிடித்து அழுதான். "உங்க மேல தப்பே இல்ல மாமா. தண்ணி தெளிவாத்தான் இருந்தது, நானே பார்த்தேன். அளவைப் பார்த்தும் கையெழுத்துப் போட்டவன் நான்தான்" என்றான். உங்களிடமும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான். நேற்று நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். காவலர் படிப்பை முடிக்காதவர், எளிய மனிதர், அணைக்குள் நடந்தது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்று.

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து எழுதியிருக்கிறான். நேற்று நீங்கள் அதை வாசிக்கிறவரைக்கும் நான் எதுவும் பேசுவதாக இல்லை. என்மீது வழக்கே இல்லை என்று சொல்லி வீட்டுக்கும் அனுப்பத் தயாராக இருந்தீர்கள். ஆனால் ஒரே ஆள் ஒரே மனிதனை இரண்டாம் தடவையும் ஒன்றும் தெரியாதவன் ஆக்குவது சரியில்லை. எனக்குத் தெரியும். முதல் தடவையும் எனக்குத்தான் முதலில் தெரியும், இந்தத் தடவையும் எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டின் பின்னால் பாத்தி இருக்கிறது. ஆள் அனுப்பித் தோண்டிப் பாருங்கள். உடைந்த கரையின் மண்ணும் அந்த மண்ணும் ஒன்றா என்று சோதித்துக்கொள்ளுங்கள். படிகாரக் கல் முகம் பார்க்கிற கண்ணாடிக்குக் கீழே தட்டில் இருக்கிறது, தேய்ந்து கட்டை விரல் அளவுக்கு வந்துவிட்டது.

எழுதிக்கொள்ளுங்கள். ஏழு மாதமும் அந்தத் தண்ணீரை வடிகட்டியது நான். மதகைத் திறக்க வந்தவனைத் திருப்பி அனுப்பியது நான். சைரனைச் சுற்றாதது நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரு திருத்தம் மட்டும். இரண்டாம் பக்கத்தில் கடமையில் அலட்சியம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள் சார். இந்த ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட நான் ஏழு மணிக்குப் பிந்தி இறங்கியதில்லை.